புளியோதரை மூடிய ஃபாயிலில் ஓட்டை விழுந்தது, ஏன்?

மீனா_தென்காசி (#1)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். மத்தியானமே புளியோதரை கிளறி, ஆறவிட்டு, எவர்சில்வர் சம்புடத்தில் விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். எண்ணெய் வெளியே கசியக் கூடாது என்று மேலே அலுமினியம் ஃபாயிலை நன்றாக அழுத்திப் பரப்பி, அதற்கு மேல் மூடியைப் போட்டேன். இரவு ரயிலில் வேறு சாப்பாடு கிடைத்துவிட்டது. அதனால் மறுநாள் காலையில்தான் திறந்தோம்.

ஃபாயில் முழுக்க ஊசியால் குத்தியதுபோல ஓட்டைகள். சாதத்தில் ஓட்டைக்கு நேர் கீழே சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. நான் கவனிப்பதற்குள் பெரியவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டாள். மேல் அடுக்கை எடுத்துப் போட்டேன். மனசு கேட்காமல் மீதியையும் கொட்டிவிட்டேன்.

ரோல் புதியது, நல்ல கடையில் வாங்கியது. இது கலப்படமா? சாப்பிட்ட குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? இதே ரோலில்தான் தினமும் பள்ளிக்குச் சப்பாத்தி சுற்றிக் கொடுக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவாசகன் (#2)

எங்கள் வீட்டிலும் எலுமிச்சை ஊறுகாய்க் கிண்ணத்தின் மேல் இப்படி ஆனது. எலி கடித்தது என்று நினைத்தோம். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கரும்பலகை (#3)

மீனா அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ரோலில் கலப்படம் எதுவும் இல்லை. நீங்கள் அறியாமலே சம்புடத்துக்குள் ஒரு மின்கலம் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அலுமினியம் இயல்பில் வேகமாக வினைபுரியும் உலோகம். காற்றுப் பட்ட உடனே அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் கீழே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. கடும் புளிப்பும் கடும் காரமும் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். உப்பு அதில் அங்கங்கே துளை போடும். காரம் என்று நான் சொல்வது மிளகாய்க் காரத்தை அல்ல, சுண்ணாம்பு, சோடா போன்றவற்றை. புளியோதரையில் புளியும் இருக்கிறது, உப்பும் தாராளமாக இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் தாள் மங்கிப்போகும், அவ்வளவுதான். ஒரே இரவில் ஓட்டை விழக் காரணம் உங்கள் எவர்சில்வர் சம்புடம். வேறு வேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் உப்பும் புளிப்பும் உள்ள ஈரம் இருந்தால் மின்சாரம் ஓடும். இந்த ஜோடியில் கரைவது அலுமினியம்தான், எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகாது. ஃபாயில் விளிம்பில் பாத்திரத்தைத் தொட்டது, நடுவில் சாதத்தைத் தொட்டது. சாதத்தில் பட்ட இடமெல்லாம் கரைந்து ஓட்டையாகிவிட்டது. நீங்கள் பார்த்த சாம்பல் புள்ளிகள், கரைந்த அலுமினியத்தின் ஹைட்ராக்சைடும் உப்புகளும்.

பல்லில் பழைய வெள்ளி நிற அடைப்பு உள்ளவர்களுக்கு இது நேரடியாகத் தெரிந்திருக்கும். சாக்லேட்டைச் சுற்றிய ஈயத்தாள் தெரியாமல் அந்தப் பல்லில் பட்டால் சுள்ளென்று இழுக்கும். அங்கேயும் இரண்டு உலோகம், நடுவில் எச்சில்.

இப்போது அளவைப் பார்ப்போம். வீட்டு ஃபாயில் சுமார் 11 மைக்ரான் தடிமன், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலுமினியத்தின் அடர்த்தியோடு பெருக்கினால், ஒரு சதுர சென்டிமீட்டர் தாள் ஏறக்குறைய 3 மில்லிகிராம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்றில் போனது 0.02 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். இருபது ஓட்டை என்றாலும் அரை மில்லிகிராம்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011இல் 2 மில்லிகிராம் வரை போகலாம் என்றது. உங்கள் மகள் 25 கிலோ என்று வைத்துக்கொண்டு, குறைவான வரம்பையே எடுத்தாலும் வாரத்துக்கு 25 மில்லிகிராம். அவள் சாப்பிட்ட இரண்டு வாயில் போனது அதில் மிகச் சிறிய பங்கு.

அதற்காகத் தினமும் இப்படிச் செய்யலாம் என்று அர்த்தமில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் புளிப்பான பண்டம், மேலே தொட்டுக்கொண்டு ஃபாயில், இந்த மூன்றும் சேரவே வேண்டாம். சப்பாத்திக்குத் தாராளமாகச் சுற்றுங்கள். அது காய்ந்த பண்டம், புளிப்பும் இல்லை.

மீனா_தென்காசி (#4)

ரொம்ப நன்றி ஐயா. இன்று நிம்மதியாகத் தூங்குவேன். ஓட்டையைக்கூட எடை போட்டுச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செல்வி_திருப்பூர் (#5)

கரும்பலகை ஐயா சொன்ன அளவு ஆரோக்கியமானவர்களுக்குச் சரி. என் மாமியார் நான்கு வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார், அதனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சாப்பாட்டில் போகும் அலுமினியத்தில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தில் சேரும், அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்று டாக்டர் விளக்கினார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. 1970களில் டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த அலுமினியத்தால் நோயாளிகளுக்கு மூளை பாதிக்கப்பட்டது. அது தெரிந்த பிறகுதான் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிப்பதில் இவ்வளவு கவனம் வந்ததாம்.

எங்கள் வீட்டில் அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டோம். மாமியாருக்குப் புளிப்புப் பண்டம் எதையும் ஃபாயிலில் கட்டுவதில்லை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவாசகன் (#6)

அலுமினியத்தால் ஞாபக மறதி நோய் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மாதம் ஒருமுறை வருகிறதே, அது உண்மையா ஐயா?

கரும்பலகை (#7)

அந்தச் சந்தேகம் 1960களிலும் 70களிலும் ஆராய்ச்சியாளர்களுக்கே இருந்தது, தம்பி. செய்தி வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இத்தனை காலம் ஆராய்ந்தும், பாத்திரத்திலும் ஃபாயிலிலும் இருந்து வரும் அலுமினியம் அல்சைமர் நோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. செல்வி சொன்ன டயாலிசிஸ் விஷயம் வேறு. அங்கே அலுமினியம் குடலைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போனது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பந்திக்கட்டு (#8)

கும்பகோணத்தில் சமையல் காண்டிராக்ட் எடுக்கிறேன். கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் கிளம்பும்போது கட்டுச்சாதக் கூடை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் அதில் போகும். அதாவது ஃபாயிலுக்கு ஆகாதவற்றையெல்லாம் கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில்.

நான் செய்வதைச் சொல்கிறேன். வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டினால் மடித்தாலும் கிழியாது. இலையை உள்ளே போட்டு, சாதத்தை அதில் வைத்து மடித்து, அதற்கு வெளியே ஃபாயில் சுற்றுவேன். புளியைத் தாங்குவது இலை. நல்லெண்ணெய் கசியாமல் பிடிப்பது ஃபாயில். இலையை மட்டும் வைத்துக் கட்டினால் எட்டு மணி நேரத்தில் கூடையெல்லாம் எண்ணெய். ஃபாயிலை மட்டும் வைத்துக் கட்டினால் மீனா அக்கா சொன்ன கதை. மந்தாரை இலையில் தைத்தது கிடைத்தால் அதுவும் நன்றாக இருக்கும், அதன் வாசனை தயிர்சாதத்துக்குப் பொருந்தும்.

அப்புறம், எவ்வளவு அவசரமானாலும் சூடாகக் கட்டவே கூடாது. ஆவி வெளியே போக வழியில்லாமல் தண்ணீராக இறங்கிச் சாதத்தை நசநசவென்று ஆக்கிவிடும். மூடிய கட்டுக்குள் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோறு சீக்கிரம் கெட்டும் போகும். அகலமான தாம்பாளத்தில் கொட்டி, விசிறி, முழுக்க ஆறிய பிறகுதான் என் ஆட்கள் கட்டுவார்கள். சப்பாத்திக்கு மட்டும், சூடு தணிந்ததும் மெல்லிய துணியில் சுற்றி அப்புறம் ஃபாயில். வியர்வையைத் துணி வாங்கிக்கொள்ளும்.

கரும்பலகை (#9)

பந்திக்கட்டு சொன்ன ஆறவைக்கும் விஷயத்தை யாரும் தாண்டிப் போக வேண்டாம். சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும் நுண்ணுயிர் வித்துகள் உண்டு. வெதுவெதுப்பில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் 1994இல் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு ஏறியது. ஃபாயிலில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளை அப்படியே வெளியில் வைத்திருந்து, பிறகு பிசைந்து பரிமாறியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கிழங்கைச் சுற்றிக் காற்றுப் புகாமல் இருந்தது பாட்டுலிசத்தை உண்டாக்கும் கிருமிக்கு வசதியாகிவிட்டது. ஃபாயிலில் சுட்ட கிழங்கை உடனே சாப்பிடுங்கள். மிஞ்சினால் தாளைப் பிரித்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

உருளை (#10)

இத்தனை பேர் பேசும் பண்டத்தை நான் இருபத்திரண்டு வருடம் கையால் செய்தவன். ஃபாயில் உருட்டும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி எப்படியும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தடித்த தகட்டை இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே விட்டுத் திரும்பத் திரும்ப மெலிய வைப்பதுதான் வேலை. கடைசிச் சுற்றுக்கு வரும்போது தகடு அவ்வளவு மெலிந்திருக்கும், தனியாக விட்டால் கிழிந்துவிடும். அதனால் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே ஜோடியாக உருட்டுவோம், பிறகு பிரிப்போம். மெருகேற்றிய உருளையைத் தொட்ட பக்கம் கண்ணாடிபோல வரும். தாளும் தாளும் ஒட்டியிருந்த பக்கம் மங்கலாக வரும். அவ்வளவுதான் விஷயம். எந்தப் பக்கத்தில் வைத்தாலும் சாப்பாட்டுக்கு ஒன்றுதான். ஒட்டாமல் இருக்கப் பூச்சு போட்ட தாள் தனியாக விற்கிறது, அதில் மட்டும் எந்தப் பக்கம் என்று அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உருட்டி முடித்ததும் தாள் விறைப்பாக இருக்கும், மடித்தால் துள்ளும். சுருளைச் சூளையில் வைத்து மணிக்கணக்கில் சூடேற்றுவோம். உருட்டும்போது போட்ட எண்ணெய் அதில் ஆவியாகிப் போகும், தாளும் மெதுவாகும். நீங்கள் பாத்திரத்தின் மேல் அழுத்தினால் அப்படியே படிந்து நிற்கிறதே, அது சூளை கொடுத்த குணம். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாள் விறைப்பாகவே இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் டக்கென்று உடைய வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று. புதுத் தாளை இருட்டறையில் டார்ச்சுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனையைவிடச் சின்னப் புள்ளிகள் அங்கங்கே தெரியும். இவ்வளவு மெல்லிய தாளில் அவை வராமல் உருட்டுவது மிகக் கடினம். மீனா அம்மா பார்த்த ஓட்டை அது இல்லை, சாப்பாட்டில் பட்ட இடத்தில் மட்டும் வருவது ஆசிரியர் சொன்ன ஓட்டைதான்.

ஊரில் இன்னும் இதை ஈயத்தாள், ஈயப்பேப்பர் என்கிறோம். அந்தப் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. முன்பு சாக்லேட்டையும் சிகரெட்டையும் சுற்றியது உண்மையிலேயே வெள்ளீயத் தாள்தான். 1910இல் சுவிட்சர்லாந்தின் எம்மிஸ்ஹோஃபனில் அலுமினியத்தை உருட்டித் தாள் செய்யும் ஆலை வந்தது, மறு வருடமே டோப்லரோன் சாக்லேட்டை அதில் சுற்றினார்கள். உலோகம் மாறிவிட்டது, நம் வாயில் ஈயம் மட்டும் தங்கிவிட்டது.

மின்கம்பம் (#11)

ஈயத்தாள் என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. நான் வயர்மேன். பழைய வீடுகளில் ஃப்யூஸ் போனால், கம்பி இல்லை என்று ஃப்யூஸ் கட்டையில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை முறுக்கிச் சொருகுகிறார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ஃப்யூஸ் கம்பி இத்தனை ஆம்பியருக்கு மேல் போனால் உருக வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்த தடிமனில் இருக்கும். முறுக்கிய தாள் எத்தனை ஆம்பியரில் உருகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அது உருகாமல் நின்றால் சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறி உருகும். போன கோடையில் ஒரு வீட்டில் மெயின் போர்டே கருகிவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே நான்கு மடிப்பாகத் தாள். அந்த வீட்டுப் பெரியவர் முப்பது வருடமாக இப்படித்தான் செய்கிறேன் என்றார்.

ரிமோட்டில் பேட்டரி ஆடினால் சின்னதாக ஒரு உருண்டை வைப்பதை நானும் செய்திருக்கிறேன், ஒன்றரை வோல்ட் செல்லில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் தாள் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது. சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல்லில் கிட்டவே கொண்டு போகாதீர்கள்.

ஓட்டுவீடு (#12)

சாப்பாட்டை விட்டுக் கொஞ்சம் கூரைப் பக்கம் வருகிறேன், மன்னிக்கவும். வேலூரில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. மே மாதம் மத்தியானம் ஷீட்டின் அடியில் கை வைக்க முடியாது, கட்டிலில் படுத்தால் மேலிருந்து அனல் இறங்கும். ஹார்டுவேர் கடையில் ஃபாயில் ஒட்டிய குமிழி ஷீட் வாங்கி அடியில் அடித்தேன். மின்விசிறி அதே வேகம்தான், ஆனால் தலைக்கு மேல் எரிச்சல் இல்லை. அம்மா இப்போது மத்தியானம் அந்த அறையில்தான் படுக்கிறார். முன்பெல்லாம் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்.

வேலை செய்வது எப்படி என்று படித்துப் புரிந்துகொண்டேன். பளபளப்பான அலுமினியம் தன் மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தானே சூடானாலும் கதிராக வெளியே விடுவது மிகவும் குறைவு. ஆனால் ஒரு பக்கமாவது காற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கிவிட்டால், உலோகம்தானே, சூட்டை நேராகக் கடத்திவிடும். பளபளப்பு கீழே பார்த்தால் தூசியும் படியாது. சமையலறை ரோலை வாங்கி ஒட்டிப் பார்த்தேன், ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் அதுவே போதும்.

மின்கம்பம் (#13)

வேலூர் அண்ணா, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஆனால் கூரையடியில் வயர் ஓடும் இடத்தில் ஃபாயில் அடிக்கும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் ஆணியைத் தொட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009இல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் போட அரசு திட்டம் கொண்டுவந்தபோது, ஃபாயிலை உலோக ஊசியால் அடித்த இளம் தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். ஊசி வயரைத் துளைத்தால் கூரை முழுக்க விரித்த ஃபாயிலில் கரண்ட் ஏறிவிடும். அதன் பிறகு அந்தத் திட்டத்தில் ஃபாயிலையே நிறுத்திவிட்டார்கள்.

ஓட்டுவீடு (#14)

இது எனக்குத் தெரியாது. நான் மெயினை அணைக்காமல்தான் அடித்தேன். வயர் குழாய்க்குள் இருந்ததால் பிழைத்தேன் போலிருக்கிறது. நாளைக்கே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

வெள்ளிக்கொலுசு (#15)

பூஜைச் சாமான் விளக்குவதற்கு நான் ஃபாயில் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் டப்பின் அடியில் தாளைப் பரப்பி, ஒரு லிட்டர் நல்ல வெந்நீர் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, கறுத்த வெள்ளி விளக்கைத் தாளில் படும்படி வைத்தால் ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வரும். இது ஏன் ஐயா? வெள்ளிக்குக் கெடுதலா?

கரும்பலகை (#16)

கெடுதல் இல்லை அம்மா, நல்லது. வெள்ளியின் மேல் இருக்கும் கறுப்பு, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. பொடி போட்டுத் தேய்த்தால் அந்த வெள்ளி துணியோடு போய்விடும், வருடா வருடம் விளக்கு தேயும். ஃபாயில் முறையில் அலுமினியம் கரைந்து, கறுப்பில் இருக்கும் கந்தகம் பிரிந்து, வெள்ளி மறுபடி வெள்ளியாக விளக்கிலேயே தங்கும். நாற்றம் அந்தக் கந்தகத்தின் நாற்றம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

மீனா அம்மாவின் புளியோதரையைக் கெடுத்த அதே மின்கலம்தான் இங்கே உங்களுக்கு வேலை செய்கிறது. அங்கே எவர்சில்வர், இங்கே வெள்ளி. அங்கே புளி, இங்கே சோடா. இரண்டிலும் கரைவது அலுமினியம். தாள் என்று கூப்பிடுகிறோமே தவிர அது காகிதம் அல்ல, உலோகம். வெற்றிலைச் சுண்ணாம்பை ஃபாயிலில் மடித்து வைத்துப் பாருங்கள். தாளை அரித்துவிடும், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். காகிதத்துக்கு இப்படி நடக்காது.

கல் பதித்த நகை, வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு, உள்ளே அரக்கு ஊற்றிய வெள்ளி விக்கிரகம், இவற்றை வெந்நீரில் போடாதீர்கள்.

பந்திக்கட்டு (#17)

ஸ்வீட் மேல் ஒட்டும் வெள்ளி இலையைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். மலிவாக வருகிறது என்று அலுமினிய இலையைத் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். நிஜ வெள்ளி பொடியாகிப் போகும், அலுமினியம் துண்டு துண்டாகக் கிழிந்து நிற்கும்.

புதுவாசகன் (#18)

பிரியாணிக் கடையில் உள்ளே வெள்ளியாக மின்னும் கவரில் கட்டித் தருகிறார்கள். அதுவும் ஃபாயில்தானா? மைக்ரோவேவில் அப்படியே வைக்கலாமா?

உருளை (#19)

கசக்கிப் பாருங்கள் தம்பி. கசங்கியபடியே நின்றால் ஃபாயில். கையை எடுத்ததும் மெதுவாக விரிந்துகொண்டால் அது பிளாஸ்டிக்தான், அதன் மேல் அலுமினியத்தை ஆவியாகப் படிய வைத்திருப்பார்கள். அந்தப் படிவு ஃபாயிலைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. விண்கலங்களில் தங்க நிறத்தில் மின்னும் போர்வையும் இந்த வகைதான். பொன்னிற பிளாஸ்டிக்கின் பின்னால் அலுமினியம் படிந்திருக்கும், பார்ப்பவர்கள் தங்கத் தகடு என்று நினைப்பார்கள்.

இரண்டையும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். கசங்கிய முனைகளில் பொறி பறக்கும். கவர் உருகவும் செய்யும். பீங்கான் தட்டில் கொட்டிச் சூடாக்குங்கள். கேஸ் அல்லது கரண்ட் ஓவனில் ஃபாயில் தாராளமாகத் தாங்கும், அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். ஆனால் ஓவனின் அடித்தளத்தில் விரிக்க வேண்டாம், சூடு சரியாகப் பரவாது.

பழையசாமான் (#20)

காயலான் கடை வைத்திருப்பவன் பேசுகிறேன். இத்தனை பதிவு வந்தும், முடிந்த பிறகு தாள் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. குப்பையில்தான் போகிறது. மக்கவே மக்காது. சாப்பாட்டு வாசனைக்கு மாடு தின்றுவிடும்.

அலுமினியப் பாத்திரத்தை ஓடிவந்து வாங்கும் நாங்கள் ஃபாயிலை வாங்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. எண்ணெயும் சோறும் ஒட்டியிருக்கும். அதோடு மெல்லிய தாளைத் தனியாக உலையில் போட்டால் உருகுவதற்குள் பாதி எரிந்து சாம்பலாகிவிடும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். கழுவிக் காய வைத்து, ஒரே உருண்டையாக அழுத்திச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தேங்காய் அளவு வந்ததும் பழைய அலுமினியச் சாமானோடு சேர்த்துப் போடுங்கள், எங்கள் கடையில் வாங்கிக்கொள்வோம். பார்சல் வரும் அலுமினிய டப்பா கனமாக இருக்கும், அதைக் கழுவிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பிரியாணிக் கவரை மட்டும் கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக்கைப் பிரிக்க எங்களால் முடியாது.

உருளை (#21)

ஐயா சொல்வதை என் கையால் கும்பிடுகிறேன். பாக்சைட் மண்ணிலிருந்து இந்த உலோகத்தைப் பிரிக்க ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் போகிறது. 30 சென்டிமீட்டர் அகலத்தில் 9 மீட்டர் ரோல் 11 மைக்ரானில் 80 கிராம் இருக்கும். அந்த ஒரு ரோலுக்கு உருக்காலையில் மட்டும் ஒரு யூனிட்டுக்கு மேல் செலவு. பழையதை உருக்கினால் அதில் இருபதில் ஒரு பங்குதான். ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆன காலம் உண்டு. மலை குடைந்து எடுத்ததை ஒரு சப்பாத்தி சுற்றிவிட்டு எறிவது இன்றும் எனக்கு உறுத்தும். துடைத்து மடித்து மூன்று நான்கு முறை பயன்படுத்தலாம். என் வீட்டில் அப்படித்தான்.

செல்வி_திருப்பூர் (#22)

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. மீன், கறி பட்ட தாளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மடிப்பில் ஒட்டியிருப்பது முழுதாகப் போகாது. காய்ந்த பண்டம் சுற்றியதை வேண்டுமானால் துடைத்து எடுக்கலாம். அதைவிட, பிள்ளைகளின் சப்பாத்திக்கு ஒரு பருத்தித் துணியும் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவும் போதாதா?

மீனா_தென்காசி (#23)

போதும் அக்கா. திங்கட்கிழமையிலிருந்து துணிக்கு மாறிவிட்டேன். பெரியவள் டப்பா கனம் என்று முணுமுணுத்தாள், இரண்டு நாளில் பழகிவிட்டது. ரோலை வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

மீனா_தென்காசி (#24)

நேற்று இரவு பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தேன். ஒரே புளியோதரையை நான்காகப் பிரித்தோம். ஒன்று எவர்சில்வர் கிண்ணத்தில், ஃபாயில் சாதத்தைத் தொடும்படி. இரண்டாவது பீங்கான் கிண்ணத்தில், அதே மாதிரி தொடும்படி. மூன்றாவது எவர்சில்வர் கிண்ணத்தில், நடுவில் வாட்டிய வாழையிலை வைத்து மேலே ஃபாயில். நான்காவது எவர்சில்வர் கிண்ணத்தில் பாதி அளவே சாதம் போட்டு, ஃபாயில் விளிம்பை மட்டும் தொடும்படி.

காலையில் முதல் கிண்ணத்தின் தாளில் பதினேழு ஓட்டை, சின்னவன் எண்ணினான். பீங்கான் கிண்ணத்தில் ஓட்டை இல்லை, ஆனால் சாதம் பட்ட இடமெல்லாம் பளபளப்புப் போய் மங்கியிருந்தது. இலை வைத்ததில் தாள் புதுசு மாதிரி இருந்தது. நான்காவதில் அடியில் நீர்த்துளிகள் மட்டும்.

மூன்றாவது கிண்ணத்தைத்தான் காலைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டோம். இலை வாசனை ஏறி, அன்று கிளறியதைவிட ருசியாக இருந்தது. பெரியவள் முதல் தாளை நோட்டில் ஒட்டி அறிவியல் டீச்சரிடம் காட்ட எடுத்துப் போயிருக்கிறாள்.

கரும்பலகை (#25)

டீச்சர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள் அம்மா. கூடவே, ஐந்தாவதாக ஒரு கிண்ணம் வைக்க முடியுமா? எவர்சில்வர், தொடும் ஃபாயில், ஆனால் உப்பும் புளியும் இல்லாத வெறும் சாதம். ஓட்டை விழாது என்று நினைக்கிறேன். சின்னவனையே எண்ணச் சொல்லுங்கள்.